கச்சேரியில் பல்லவி ஏழு தடவை வந்தாலும் இனிக்கிறது, காணொளியில் இரண்டாம் தடவையே சலிக்கிறது. ஏன்?

நிழல்வெளி (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். பகலில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிடைக்கிற நேரத்தில் எனக்காகச் சில காணொளிகள் செய்துவருகிறேன். கதை கிடையாது, வசனம் கிடையாது. படங்கள் ஒன்றையடுத்து ஒன்று வரும் வரிசையே போதுமானதாக இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை.

எங்கள் தெருமுனையில் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெரியவரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் முழுக்கப் படம்பிடித்தேன். அதிலிருந்து ஆறு நிமிடக் காணொளி. அமைப்பை ஒரு கீர்த்தனையிலிருந்து எடுத்தேன். பெட்டி துணியின் மேல் வலமிருந்து இடம் போகும் ஷாட்தான் பல்லவி. கரி மூட்டுவதும் தண்ணீர் தெளிப்பதும் அனுபல்லவி. மடிப்பது, அடுக்குவது, துணி வாங்க வருகிறவர்களின் கைகள், இதெல்லாம் சரணம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பல்லவி ஷாட் திரும்ப வரும். மொத்தம் ஏழு தடவை. டைம்லைனில் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் எடிட்டிங் பட்டையில்) பகுதிக்கு ஒரு நிறம் கொடுத்து வைத்திருக்கிறேன், பார்க்கவே அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு நண்பர், ஃபைல் கெட்டுப்போய் ஒரே இடம் திரும்பத் திரும்ப ஓடுகிறதோ என்று கேட்டார். இன்னொருவர் நான்காம் தடவை கைப்பேசியை எடுத்துவிட்டார். மூன்றாமவர் என் மாமா. சங்கீதம் நன்றாகத் தெரிந்தவர், சபா தவறாமல் போகிறவர். கடைசிவரை பார்த்துவிட்டு, "எங்கேப்பா பல்லவி?" என்றார்.

அதே மாமா கச்சேரியில் பல்லவி வரி ஏழாம் தடவை வரும்போது கண்ணை மூடித் தலையாட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். காது ஏழு தடவை கேட்டுவிட்டு எட்டாவதுக்குக் காத்திருக்கிறது. கண் இரண்டாம் தடவையே "பார்த்தாச்சு" என்று விலகிவிடுகிறது. இசையின் அமைப்பைக் காட்சிக்குக் கொண்டுவருவதே நடக்காத காரியமா, இல்லை நான் செய்த விதத்தில் பிழையா?

கேமராவும் டைம்லைனும் விநாடிக்கு 25 ஃபிரேம். ஒலியே வைக்கவில்லை, வேண்டுமென்றுதான்.

---

கார்வை (பதிவு 2)

தம்பி, உங்கள் மாமா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

கச்சேரியில் பல்லவி வரி ஏழு தடவையும் ஒரே மாதிரி வருவதில்லை. முதல் தடவை எளிமையாக வரும். அடுத்த தடவை கடைசிச் சொல்லில் ஒரு வளைவு. மூன்றாம் தடவை அந்த வளைவு அப்படியே இருக்கும், அதற்கு முன்னால் இன்னொன்று சேரும். இப்படி மாறி வரும் ஒவ்வொரு வடிவமும் ஒரு சங்கதி. முந்தின சங்கதியில் வந்தது அடுத்ததில் தங்கும், அதன் மேல் புதியது ஏறும். கேட்கிறவர் மனசில் "போன தடவை இங்கே என்ன வந்தது?" என்ற ஞாபகம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த ஞாபகத்தோடு விளையாடுவதுதான் பாடுகிறவர் வேலை. நீங்கள் ஒரே ஷாட்டை ஒரு ஃபிரேம்கூட மாற்றாமல் ஏழு தடவை ஒட்டியிருக்கிறீர்கள். அதில் பல்லவி இருக்கிறது, சங்கதி இல்லை.

இரண்டாவது, தாளம். மாமா சபாவில் கையைச் சும்மா வைத்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்? ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. அந்தக் கைதான் அவரை எட்டு எண்ணிக்கைக்குள் உட்கார வைக்கிறது. கோர்வை (கணக்குப் போட்டு முடிக்கும் பகுதி) சமத்தில், அதாவது சுற்றின் முதல் தட்டில், வந்து விழும்போது சுகமாக இருப்பதற்குக் காரணம், சமம் எங்கே என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும் என்பதுதான். உங்கள் காணொளியில் சமம் எங்கே? பார்க்கிறவர் கைக்கு நீங்கள் எதுவும் கொடுக்கவில்லையே.

இருபது வருஷமாக மிருதங்கம் வாசிக்கிறேன், எடிட்டிங் கொஞ்சம் தெரியும். கணக்கு மட்டும் சொல்கிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். 25 ஃபிரேமில் ஒரு எண்ணிக்கையை ஒரு விநாடி என்று வைத்தால், எண்ணிக்கையை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ரம் வராது, 25 நாலால் வகுபடாது. ஐந்தாகப் பிரிக்கும் கண்டம் மட்டும் ஐந்து ஐந்தாக அழகாக விழும். அதனால் எண்ணிக்கைக்கு 20 ஃபிரேம் வையுங்கள். நிமிடத்துக்கு 75 எண்ணிக்கை, நல்ல நடு காலப்பிரமாணம் (வேகம்). சதுஸ்ரத்தில் மாத்திரைக்கு (ஒரு பிரிவுக்கு) 5 ஃபிரேம், கண்டத்தில் 4 ஃபிரேம், இரண்டும் முழுசாக வரும். மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரம் வராது, அதை விட்டுவிடுங்கள்.

ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று, 160 ஃபிரேம். அதில் ஒரு சின்ன மோரா, அதாவது ஒரே சொற்கட்டு (மிருதங்கச் சொற்களின் தொடர்) மூன்று தடவை வந்து முடிவது: எட்டு மாத்திரைச் சொற்கட்டு, நாலு மாத்திரை கார்வை (இடையில் நிற்பது), மறுபடி எட்டு, நாலு, எட்டு. கூட்டினால் 32. ஃபிரேமில் 40, 20, 40, 20, 40. மூன்றாவது முடிகிற இடம் சரியாக சமம். ஒரு அசைவை இப்படி மூன்று தடவை வெட்டிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் நாலு ஆவர்த்தனமாவது தாளம் காட்டிவிட்டுத்தான் மோரா. தாளம் தெரியாமல் வரும் மோரா வெறும் வெட்டு.

---

மூன்றாம்மணி (பதிவு 3)

நல்ல இழை. இந்தக் கேள்வியை 1929இலேயே சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்துவிட்டார். மொன்டாஜ் (ஷாட்டுகளை வெட்டி அடுக்கும் முறை) வகைகளைப் பிரித்து எழுதியபோது அளவை மட்டும் நம்பும் மொன்டாஜை அடியில் வைத்தார். ஷாட் நீளங்களின் விகிதம் எளிமையாக இருந்தால் உடம்பு அதை உணரும், சிக்கலானால் உணராது என்பது அவர் வாதம். இன்னொரு சோவியத் இயக்குநரான ஜிகா வெர்தோவின் 'பதினோராவது ஆண்டு' படத்தின் கணக்கை அளவுகோல் வைத்து அளந்தால்தான் கண்டுபிடிக்க முடியும், பார்த்து உணர முடியாது என்று குறை சொன்னார். நிழல்வெளி, உங்கள் வண்ணமயமான டைம்லைன்தான் அந்த அளவுகோல்.

ஆனால் நீளங்களை மட்டுமே வைத்துப் படம் செய்து ஜெயித்தவர் ஒருவர் இருக்கிறார். வியன்னாவின் பீட்டர் குபெல்கா. 1957இல் அந்த ஊரின் 'அடேபார்' என்ற காபி விடுதிக்காக ஒரு படம் செய்தார், அதே பெயரில். ஒன்றரை நிமிடத்துக்குள்தான். ஆடுகிறவர்களின் நிழலுருவங்கள். எல்லா ஷாட்டும் 13 ஃபிரேம், 26 ஃபிரேம், 52 ஃபிரேம் என்ற மூன்றே நீளங்களில் இருக்கும். 1960இல் வந்த 'ஆர்னுல்ஃப் ரைனர்' இன்னும் ஒரு படி மேலே. அதில் படமே கிடையாது. வெள்ளை ஃபிரேம் அல்லது கறுப்பு ஃபிரேம், இரைச்சல் அல்லது மௌனம், இந்த நாலுதான். 576 ஃபிரேம் கொண்ட பகுதிகள் 16. மொத்தம் 9216 ஃபிரேம், ஆறரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 24 விநாடிக்கு ஒரு பகுதி, விநாடிக்கு 24 ஃபிரேம் என்று 24இன் வர்க்கத்தின்மேல் கட்டிய வீடு அது.

இதற்குப் பின்கதை ஒன்று உண்டு. ஐம்பது வருஷம் கழித்து, 2012இல், அதற்கு எதிர்ப்பாட்டாக 'ஆன்டிஃபோன்' என்ற படத்தைச் செய்தார். அதில் கறுப்பு இருந்த இடமெல்லாம் வெள்ளை, ஒலி இருந்த இடமெல்லாம் மௌனம். இரண்டையும் பக்கம் பக்கமாக ஓட்டினார். பிறகு ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினார். கணக்குப்படி அப்போது திரை முழுக்க இடைவிடாத வெளிச்சமாகவும், ஒலி இடைவிடாத இரைச்சலாகவும் ஆகிவிட வேண்டும். கேள்வியும் பதிலும் சேர்ந்து நிறைவாவதை இதைவிட எளிமையாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

---

கார்வை (பதிவு 4)

13, 26, 52! ஐயா, இது மூன்று காலம். ஒரே சொற்கட்டைக் கீழ்க்காலத்தில் வாசித்து, இரட்டித்து, மறுபடி இரட்டிப்பது. எங்கள் குருநாதர் முதல் மாதம் கொடுத்த பாடமே அதுதான். எங்கேயோ வியன்னாவில் ஒருவர் ஃபிலிமைக் கையில் வைத்து எண்ணி அதே இடத்துக்கு வந்திருக்கிறார் என்று படித்ததும் புல்லரித்துவிட்டது.

---

கறுப்புவெள்ளை (பதிவு 5)

மன்னிக்கவும், நான் உடன்படவில்லை. படத்தை இசைபோல நடத்தலாம் என்கிற இந்த ஒப்புமை நூறு வருஷமாகக் கலைஞர்களை ஏமாற்றி வருகிறது.

ஜெர்மன் ஓவியர் ஹான்ஸ் ரிக்டருக்கு பாஹின் எதிர்ப்புள்ளி முறையை, அதாவது தனித்தனிக் குரல்களை ஒன்றாகப் பின்னும் இசை முறையை, படிக்கச் சொன்னவர் இசையமைப்பாளர் புசோனி. ரிக்டரும் அவருடைய சுவீடன் நண்பர் வைக்கிங் எகெலிங்கும் நீளமான காகிதச் சுருள்களில் வடிவங்களை வரைந்து வரைந்து பார்த்து, கடைசியில் திரைப்படத்துக்கு வந்தார்கள். எகெலிங்கின் 'மூலைவிட்டச் சிம்பொனி' 1924. மௌனப் படம், ஏழு நிமிடத்துக்குப் பக்கம். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் சிம்பொனி எங்கே இருக்கிறது? தலைப்பில் இருக்கிறது.

என் ஆட்சேபம் மூன்று. காது சில மில்லி விநாடி இடைவெளியைக்கூடப் பிரித்துக் கேட்கும். கண்ணுக்கு நாற்பது மில்லி விநாடிக்கு ஒரு ஃபிரேம் கொடுத்தால் அத்தனையையும் ஒரே அசைவாகக் குழைத்துவிடுகிறது. சினிமா நடப்பதே கண்ணின் இந்தக் குறையால்தான். அந்தக் கண்ணிடம் போய் மாத்திரைக் கணக்கைக் கேட்கிறோம்.

அடுத்தது, இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலித்தால் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சேறு. பல குரல் இசையைத் திரைக்குக் கொண்டுவருகிறோம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 'ச' என்ற சுரத்துக்கு வெளியே அர்த்தம் கிடையாது. இஸ்திரிப் பெட்டிக்கு உண்டு. அது சூடானது, கனமானது, அதைப் பிடித்திருப்பவர் ஒரு மனிதர், அவருக்கு வயதாகிவிட்டது. அதை வெறும் நீளமாக, வெறும் மாத்திரையாக நடத்தும்போது பார்க்கிறவர் மனசு ஒத்துக்கொள்ளாது. உங்கள் நண்பர் கைப்பேசியை எடுத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். குபெல்கா ஜெயித்தது படத்தையே நீக்கிவிட்டதால்.

---

மூன்றாம்மணி (பதிவு 6)

இரண்டாம் ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கிறது சார். ஒன்றன்மேல் ஒன்று போட்டால்தான் சேறு. பக்கத்தில் வைத்தால் இல்லை.

நார்மன் மெக்லாரனும் கிராண்ட் மன்ரோவும் கனடா தேசியத் திரைப்பட வாரியத்துக்காக 1964இல் செய்த 'கேனன்' பாருங்கள். கேனன் என்ற இசை வடிவம் என்னவென்று சொல்லித்தரும் படம். ஒரு குரல் ஆரம்பிக்கும், சற்றுத் தள்ளி அடுத்த குரல் அதையே பாடிக்கொண்டு வரும். முதலில் எழுத்துக்கட்டைகளை வைத்துக் காட்டுவார்கள். பிறகு ஒரு மனிதர் திரையைக் கடந்து போவார், பின்னாலேயே அவரே வருவார், அவருக்குப் பின்னாலும் அவரே. முதல் ஆள் தனியாகச் செய்தபோது பொருளில்லாமல் தெரிந்த அசைவுகள், பின்னால் வருகிறவர் சேர்ந்ததும் பொருள்கொள்கின்றன. இது உங்கள் மூன்றாம் ஆட்சேபத்தையும் கொஞ்சம் தொடுகிறது. அங்கே அர்த்தம் இசை வடிவத்தைக் கெடுக்கவில்லை, வடிவத்திலிருந்துதான் அர்த்தமே பிறக்கிறது.

இன்னொன்று, போலந்தில் ஸ்பிக்னியேவ் ரிப்சின்ஸ்கி செய்த 'டேங்கோ', 1980. ஒரே அறை, அசையாத கேமரா. ஜன்னல் வழியாகப் பந்து உள்ளே வரும், ஒரு பையன் ஏறி வந்து எடுத்துக்கொண்டு போவான். அது லூப் ஆகிக்கொண்டே இருக்கும்போது இன்னொரு ஆள், இன்னொரு ஆள் என்று 36 பேர் அந்தச் சின்ன அறைக்குள் வந்து போவார்கள். ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதில்லை. ஆளுக்கு ஒரு பாதை, ஒரு நீளம். கண்ணால் ஒரே நேரத்தில் முப்பதைப் பின்தொடர முடியாது, உண்மை. ஆனால் யார்மேல் கவனம் வைத்தாலும் அவர் தன் சுற்றை முடித்துத் திரும்ப வருவார் என்று தெரிந்திருக்கிறது. அந்த நம்பிக்கைதான் தாளம். 1983இல் ஆஸ்கர் வாங்கியது.

வீடியோ கலை பிறந்ததே இசைக்காரர்கள் கையில் என்பதையும் மறக்க வேண்டாம். கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் டோக்கியோவில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். 1963இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கலைத்துப்போட்டு அவர் வைத்த கண்காட்சியின் பெயர் 'இசைக் கண்காட்சி, மின்னணுத் தொலைக்காட்சி'. ஐஸ்லாந்தின் ஸ்டெய்னா வயலின் கலைஞர். அவருடைய 'வயலின் பவர்' 1970களில் வளர்ந்த வேலை. வில் நரம்பில் பட்டதும் அந்த ஒலியின் சமிக்ஞையே அவர் வாசிக்கும் படத்தை நெளியவைக்கும். அன்றைய வீடியோவில் ஒலியும் படமும் கம்பிக்குள் ஒரே மாதிரி ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான் என்பதால் அது சாத்தியமானது. அங்கே ஒப்புமைக்கே வேலையில்லை, வில்தான் படத்தை இழுக்கிறது.

---

நிழல்வெளி (பதிவு 7)

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கார்வை அண்ணா சொன்ன 20 ஃபிரேம் கணக்கோடு ராத்திரி உட்கார்ந்தபோது ஒன்று கண்டேன். பெரியவர் பெட்டியை ஒரு தடவை இழுக்க எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்று நாற்பது இழுப்புகளை எண்ணினேன். 17 ஃபிரேமிலிருந்து 23 ஃபிரேம்வரை இருக்கிறது, பெரும்பாலும் 19, 20, 21. தாளத்தை நான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதே இல்லை, அவர் கையிலேயே இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் இழுப்பின் நடுவில் இஷ்டத்துக்கு வெட்டிப்போட்டிருக்கிறேன்.

கறுப்புவெள்ளை சார், மூன்றாவது ஆட்சேபம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்னும் பதில் இல்லை.

---

சாருகேசி (பதிவு 8)

தம்பி, நான் பாடுகிறவள். எடிட்டிங் எதுவும் தெரியாது. ஒரு கேள்வி மட்டும்.

அனுபல்லவி என்று ஒரு பகுதி வைத்திருக்கிறீர்கள். கீர்த்தனையில் அனுபல்லவி வந்ததும் என்ன நடக்கிறது? பெரும்பாலும் ராகம் மேல் சட்ஜமத்தை நோக்கி ஏறும். பல்லவி நடு ஸ்தாயியில் (குரலின் நடு உயரத்தில்) உலாவிக்கொண்டிருந்தது, இப்போது வீட்டின் மாடிக்குப் போகிறோம். சாஹித்யம் புரியாதவருக்கும் அந்த ஏற்றம் தெரியும். திரும்பப் பல்லவிக்கு வரும்போது கீழே இறங்கி வந்த நிம்மதி அதனால்தான். உங்கள் காணொளியில் மேல் ஸ்தாயி எது? கரி மூட்டுகிற ஷாட் எந்த விதத்தில் பெட்டி ஷாட்டைவிட 'மேலே' இருக்கிறது? அது இல்லையென்றால் அனுபல்லவி வேறொரு ஷாட், அவ்வளவுதான். பல்லவிக்குத் திரும்புவதற்கும் காரணம் இல்லாமல் போகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் தாளத்தையே பேசுகிறீர்கள். ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையில் தாளம் கிடையாது, ஆனால் அமைப்பு உண்டு. எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்பது, அடுத்த சுரத்தை எவ்வளவு தள்ளிப்போடுவது என்பதே அமைப்பு. இயக்குநர் மணி கவுல் ஜியா மொஹியுத்தீன் டாகரிடம் துருபத் என்ற இந்துஸ்தானி இசை வடிவத்தைக் கற்றவர். 1982இல் 'துருபத்' என்றே ஒரு படம் எடுத்தார். பல வருஷம் முன்னால் ஒரு திரையிடலில் பார்த்தேன். கேமரா நகரும் விதத்தைப் பார்த்தபோது, அடுத்த சுரத்தைத் தொடாமல் அதன் வாசலிலேயே நிற்கிற ஆலாப் மாதிரி இருந்தது. ஒரு இடத்தைக் காட்டிவிட்டு உடனே அடுத்ததற்குப் போகிற அவசரமே இல்லை. எந்தக் கணக்கையும் நான் எண்ணவில்லை. ஆனால் மூச்சு தானாக நிதானமானது.

---

மூன்றாம்மணி (பதிவு 9)

சாருகேசி அக்கா கேட்ட 'மேல் ஸ்தாயி எது' என்ற கேள்விக்குக் கனடாவின் திரைக்கலைஞர் மைக்கேல் ஸ்னோ 1967இல் ஒரு பதில் சொன்னார்: அருகாமை. 'வேவ்லெங்த்' 45 நிமிடம். நியூயார்க்கில் ஒரு மாடி அறை. கேமரா அறையின் ஒரு கோடியிலிருந்து எதிர்ச்சுவரை நோக்கி ஜூம் ஆகிக்கொண்டே போய், சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு கடல் புகைப்படத்தில் போய் முடியும். கூடவே ஒரு ஒலி, விநாடிக்கு 50 அதிர்வில் தொடங்கி 12,000 வரை ஏறிக்கொண்டே போகும். காதுக்கு ஸ்தாயி ஏறுவதும் கண்ணுக்குச் சுவர் நெருங்குவதும் ஒன்றாகவே நடக்கும். இடையில் அறைக்குள் ஒருவர் வந்து தரையில் விழுந்துவிடுகிறார், ஜூம் அவரைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகிறது. கறுப்புவெள்ளை சாரின் மூன்றாம் ஆட்சேபத்தை அந்த இடம் நேராக எதிர்கொள்வதாக எனக்குத் தோன்றும். அர்த்தமுள்ள ஒன்று வந்து விழுகிறது, வடிவம் நிற்கவில்லை. பார்க்கிறவருக்கு அதுவே வலிக்கிறது.

---

வெண்புள்ளி (பதிவு 10)

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அக்கா மகளுக்கு வலிப்பு உண்டு, அதனால் இந்த விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்.

கறுப்பு வெள்ளை மாறி மாறி வரும் படங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். டோனி கான்ராட் 1966இல் 'த ஃப்ளிக்கர்' செய்தபோது படத்தின் தொடக்கத்திலேயே வலிப்பு எச்சரிக்கை வைத்தார். அவரும் வயலின்காரர்தான், சுர விகிதங்களில் ஊறியவர். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு குழந்தைகள் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மின்னியதில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். விநாடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் போகக்கூடாது என்பது இணையதளங்களுக்கு இன்று பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு.

கார்வை அவர்கள் கணக்கையே வைத்துப் பார்த்தேன். சதுஸ்ரத்தில் 5 ஃபிரேம் வெளிச்சம், 5 ஃபிரேம் இருட்டு என்றால் விநாடிக்கு இரண்டரை. வரம்புக்குள். கண்டத்தில் 4, 4 என்றால் மூன்றைத் தாண்டிவிடுகிறது. சதுஸ்ரத்தையே மேல்காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, கொண்டுபோனால் ஐந்து. யாருக்கு வலிப்பு உண்டு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலருக்கு அவர்களுக்கே தெரியாது. தயவுசெய்து மனதில் வையுங்கள்.

---

கார்வை (பதிவு 11)

அம்மா, இது எனக்கு உறைக்கவே இல்லை. நன்றி. நிழல்வெளி தம்பி, கார்வை இடத்தில் கறுப்பு வைக்கவே வேண்டாம். கார்வை என்பது இருட்டு இல்லை, முந்தின சொல்லின் நாதம் நீண்டு நிற்பது. மிருதங்கத்தின் தொப்பியில் (இடது பக்கத்தில்) ஒரு 'தோம்' விழுந்தால் அது ஒலித்துக்கொண்டேதானே இருக்கும்? கடைசி ஃபிரேமை அப்படியே உறையவைத்து நாலு மாத்திரை நிறுத்துங்கள். அதுதான் கார்வைக்குச் சரி.

---

கறுப்புவெள்ளை (பதிவு 12)

எனக்கு எதிராகவே ஒரு உதாரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்வை அவர்கள் சங்கதி பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து மனசில் இருக்கிறது.

மார்ட்டின் ஆர்னால்ட், இவரும் வியன்னாக்காரர். 1989இல் 'பியேஸ் துஷே' என்று ஒரு படம். 1954இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து 18 விநாடி ஷாட் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள், கதவைத் திறந்து கணவன் உள்ளே வருகிறான், முத்தமிடுகிறான். அவ்வளவுதான். அதை ஃபிரேம் ஃபிரேமாக முன்னும் பின்னும் நகர்த்தி ஏறக்குறைய 16 நிமிடம் ஆக்கினார். கதவு கொஞ்சம் திறக்கும், மூடும். மறுபடி இன்னும் கொஞ்சம் திறக்கும், மூடும். ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு ஃபிரேம் கூடுதலாக முன்னே போகும்.

இதற்கு நான் வைத்திருந்த சொல் 'திக்கல்'. இப்போது யோசித்தால் அது சங்கதிதான். முந்தினது தங்கி, புதியது ஏறுகிறது. சலிக்கவில்லை, மாறாக மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அந்தக் கதவு எப்போது முழுசாகத் திறக்கும் என்று உடம்பு எதிர்பார்க்கிறது. கண்ணாலும் எதிர்பார்க்க முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மூன்றாம் ஆட்சேபத்தை நான் விடவில்லை. அங்கேயும் அர்த்தம் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப நடப்பதாலேயே அந்த வீட்டின் அன்பான வரவேற்பு ஒரு அத்துமீறல் மாதிரி ஆகிவிடுகிறது. சுரத்தைத் திரும்பப் பாடினால் சுரம் மாறுவதில்லை. செயலைத் திரும்பச் செய்தால் செயல் வேறாகிவிடுகிறது.

---

நிழல்வெளி (பதிவு 13)

மூன்று வாரம் ஆகிவிட்டது. முகூர்த்த சீசன், நடுவில் கை வைக்கவே முடியவில்லை. இரண்டாம் வடிவம் முடிந்தது. நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், உங்கள் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் மௌனத்தை விட்டேன். பெட்டியை இரும்புத் தாங்கியில் வைக்கும்போது வரும் 'டக்' ஒன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் வைத்தேன். 160 ஃபிரேமுக்கு ஒன்று. வேறு ஒலி கிடையாது. மற்ற ஏழு எண்ணிக்கையையும் பெரியவரின் இழுப்புகளே காட்டுகின்றன. 20 ஃபிரேமுக்குச் சரியாக வந்த இழுப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்தேன். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றவில்லை.

பல்லவிக்கு ஆறு சங்கதிகள். முதலாவதில் பெட்டி போகிறது, வருகிறது. இரண்டாவதில் இழுப்பின் முடிவில் நாலு ஃபிரேம் கூடுதல், ஆவி எழுவது தெரிகிறது. மூன்றாவதில் ஆவியும் உண்டு, அதற்கு முன்னால் இடது கை சுருக்கத்தை நீவுகிறது. இப்படியே ஏறி, ஆறாவதில் தண்ணீர்த் துளி விழுவதிலிருந்து மடிப்பு எழுவதுவரை முழு வாக்கியம்.

அனுபல்லவிக்கு அருகாமையைத்தான் மேல் ஸ்தாயியாக எடுத்தேன். முன்பு எடுத்த கரி ஷாட் தூரத்தில் இருந்தது, பயன்படவில்லை. பெரியவரிடம் மறுபடி போய், விடிகாலையில் பெட்டிக்குள் கங்கு சிவப்பதை ஒரு சாண் தூரத்திலிருந்து எடுத்தேன். திரை முழுக்கக் கங்கு மூச்சுவிடுகிறது. அங்கே தாளத்தையும் விட்டுவிட்டேன், 'டக்' கிடையாது. சாருகேசி அக்கா சொன்ன ஆலாபனை மாதிரி நாற்பது விநாடி. பிறகு 'டக்' விழுந்து பல்லவி திரும்பும்போது, நானே செய்ததுதான், எனக்கே உடம்பு தளர்ந்தது.

மாமாவுக்குப் போட்டேன். மூன்றாம் ஆவர்த்தனத்தில் அவர் கை தானாகத் தொடைக்குப் போனது. மோரா மூன்று தடவை வந்து முடிந்த இடத்தில் கை சமத்தில் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போடு என்றார். கைப்பேசி எடுத்த நண்பர் இந்தத் தடவையும் நடுவில் எடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். கங்கு வந்தபோது கீழே வைத்தார்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி ஓய்ந்திருந்த நேரத்தில் பெரியவரிடமே காட்டினேன். லேப்டாப்பை வண்டி மேலேயே வைத்து, துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தார். சங்கதிகளைப் பார்த்துச் சிரித்தார். மோரா வந்தது. கார்வை அண்ணா சொன்னபடி பெட்டி சட்டையின் மேல் உறைந்து நாலு மாத்திரை நின்றது. பெரியவர் கை சட்டென்று திரைப்பக்கம் நீண்டது. "எடு, எடு, தீய்ஞ்சிடும்" என்றார்.

நாலு மாத்திரை என்பது ஒரு விநாடிகூட முழுசாக இல்லை, 20 ஃபிரேம். ஆனால் இரண்டு தடவை இரண்டு இடத்தில் பெட்டி நின்றுவிட்டது. ஐம்பது வருஷம் பெட்டியை நிற்கவிடாமல் நகர்த்தியே பழகிய கை அவருடையது. எனக்குக் கார்வையாக இருந்தது அவருக்கு ஓட்டை விழுந்த சட்டை.

கறுப்புவெள்ளை சார், நீங்கள் சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. படத்தில் நிறுத்தம் என்று தனியாக ஒன்று இல்லை. எது நிற்கிறதோ அதன் நிறுத்தம்தான். ராத்திரி இரண்டு உறைவுகளையும் மாற்றினேன். இரண்டு கார்வையிலும் பெட்டி துணியை விட்டு எழுந்து காற்றில் இருக்கும்போது உறைகிறது. கடைசி எட்டு மாத்திரையில், சமத்துக்கு ஒரு மாத்திரை முன்னால் மட்டும், துணியின் மேல் நிற்கிறது. வெறும் 5 ஃபிரேம். 'டக்' விழுந்ததும் பெட்டி தாங்கியில் இருக்கிறது, சட்டை வெள்ளையாக, முழுசாக. பெரியவர் மறுபடி பார்த்தபோது அந்த இடத்தில் மூச்சை இழுத்து விட்டார்.

---

கறுப்புவெள்ளை (பதிவு 14)

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. அந்த 5 ஃபிரேமை இசையால் செய்ய முடியாது, படத்தால் மட்டும்தான் முடியும். ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று இசை சொல்லியிருக்கிறது. என் மூன்றாம் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் இனி அதை ஆட்சேபம் என்று சொல்ல மாட்டேன்.

---

சாருகேசி (பதிவு 15)

தம்பி, பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சரணத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே?

---

நிழல்வெளி (பதிவு 16)

சரணம் இன்னும் அமையவில்லை அக்கா. வருகிறவர்களின் கைகளை வரிசையாக வைத்திருக்கிறேன், ஆனால் ஏன் அந்த வரிசை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் ஒரு நண்பரின் புத்தகக் கடை மாடியில் ப்ரொஜெக்டர் வைத்துத் திரையிடப் போகிறோம், அதற்குள் முடிக்க வேண்டும்.

---

தறிநாடா (பதிவு 17)

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ப்ரொஜெக்டர் என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. பெரும்பாலான லேப்டாப்பும் ப்ரொஜெக்டரும் விநாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் காணொளி 25. அறுபதை இருபத்தைந்தால் வகுத்தால் 2.4. அதனால் ஒரு ஃபிரேம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையும் என்று சமமில்லாமல் திரையில் நிற்கும். சாதாரண வீடியோவில் யாருக்கும் தெரியாது. 5 ஃபிரேமுக்கு இவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும். பெட்டி நகரும்போது லேசான தடுமாற்றமாக.

ப்ரொஜெக்டர் 50ஐ ஏற்குமா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள். ஏற்றால் பிரச்சினையே இல்லை, ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு தடவை நிற்கும். ஏற்கவில்லையென்று 30 ஃபிரேமுக்கு மாற்றினால் கணக்கு மாறும். எண்ணிக்கைக்கு 20 ஃபிரேம் என்பதையே வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 75 இருந்தது 90 ஆகிவிடும்.

---

கார்வை (பதிவு 18)

90 வேண்டவே வேண்டாம். காலப்பிரமாணம் பெரியவர் கையில் பிறந்தது, அதைத் தொடக்கூடாது. 30 ஃபிரேமில்தான் ஓட வேண்டுமென்றால் எண்ணிக்கைக்கு 24 வையுங்கள், அதே 75 வரும், சதுஸ்ரத்துக்கு மாத்திரை 6 ஃபிரேம். கண்டம் போய்விடும். ஆனால் பெரியவர் இழுப்பையெல்லாம் புது ஃபிரேமுக்கு இழுத்து நிரப்ப வேண்டியிருக்கும், எனக்கு அது பிடிக்கவில்லை. முதலில் 50 கிடைக்கிறதா பாருங்கள்.

---

நிழல்வெளி (பதிவு 19)

இன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். பழைய ப்ரொஜெக்டர், மெனுவில் 50 இருக்கிறது. லேப்டாப்பிலும் 50க்கு மாற்றி இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், பெட்டி தடங்கல் இல்லாமல் போகிறது. கண்டம் தப்பித்தது அண்ணா. தறிநாடா, நீங்கள் சொல்லாவிட்டால் அன்றைக்குத்தான் கண்டுபிடித்திருப்பேன்.

திரையிடலுக்குப் பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வேலை முடித்து ஏழு மணிக்கு மேல். அதனால் ஆறரைக்கு வைத்திருந்ததை ஏழரைக்கு மாற்றிவிட்டோம். வெண்புள்ளி அவர்களே, வாசலில் எச்சரிக்கைத் தாள் ஒட்டுகிறோம். வேகமாக மின்னும் இடம் எதுவும் இப்போது இல்லை, இருந்தாலும் ஒட்டுகிறோம். சரணத்துக்குப் புது இழை தொடங்குகிறேன்.